மஞ்சள் கிரேனுக்கு நேர் கீழே

ஜொகூர் பாருவில், இன்னும் ரயிலே ஓடாத ஒரு இலகு ரயில் மேம்பாலத்தின் அடியில் இரண்டு நாளாக நடந்துகொண்டிருக்கிறேன். பாலம் கட்டுவதை உட்கார்ந்து பார்க்க இடம் உண்டா என்று கேட்டதற்கு, விடுதிப் பணியாளர் வழி சொல்கிறார்: "மஞ்சள் கிரேனுக்கு நேர் கீழ பாய் கடை. மட்டன் சாப்பிட்டுக்கிட்டே பாக்கலாம்."

கிரேனை அண்ணாந்து பார்த்தபடியே போய், அதன் அடியில் இருக்கும் கடைக்குள் நுழைகிறேன். பெயர்ப்பலகையைக் கட்டுமானத் தகரம் மறைத்திருக்கிறது. கேட்டதும் மட்டன் கறியும் சோறும் வருகின்றன. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பல் குத்தியபடியே கல்லாவில் இருக்கும் அக்காவிடம் கறி பிரமாதம், பாயைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

"அலமாக்! பாய் கடை மூணு தூண் பின்னாடி அண்ணே. போன மாசம் கிரேன் அங்க நின்னுச்சு. மஞ்சள் கிரேனுக்குக் கீழன்னு அவரு பேனர் அடிச்சாரு, கிரேன் நகந்திருச்சு. இது சைவக் கடை."

"அப்ப நான் சாப்பிட்ட மட்டன்?"

"சோயா லா. வர்றவங்க எல்லாம் மட்டன் மட்டன்னு கேட்டா நான் என்ன செய்றது?"

பல்குச்சியை மெல்லக் கீழே வைக்கிறேன்.

வெளியே சைரன் ஒலிக்கிறது. கிரேன் அடுத்த தூணை நோக்கி ஊர்கிறது. அங்கே இருப்பது பல் மருத்துவர் கிளினிக்.

"உங்க வியாபாரமும் போச்சேக்கா."

அக்கா அசரவில்லை.

"டாக்டர் வாசல்ல நேத்தே போர்டு வச்சிட்டேன்: 'மட்டன் சாப்பிட ஒரு தூண் பின்னால் வரவும்.'"