லிஃப்ட் அக்கா கண்மூடிய செய்தி

பெரிய ஆஸ்பத்திரியில் டீன் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அக்கா. அந்த லிஃப்ட் ஓட்டை உடைசல். பொத்தான்கள் செத்துப்போய் வெகுகாலமாகி, கைப்பிடி மட்டும் வேலை செய்தது. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை நகரும், விட்டால் நின்றுவிடும். அக்கா மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் அதைப் பிடித்தபடி ஊரையே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்கு உலகத்தில் இருந்தது ஒரே குறை, தூக்கம். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தங்கமான மனுஷர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பகலெல்லாம் பேசாததைச் சேர்த்துவைத்து இரவில் மூக்கு வழியாகப் பேசுவார். மெல்ல ஸ்டார்ட் ஆகும், கியர் மாறும், மேடு ஏறும், திடீரென்று நின்றுபோகும். நின்றால்தான் இன்னும் பயம். ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று அக்கா எழுந்து குனிந்து பார்க்கும்போது, அவர் பாட்டுக்கு அடுத்த கியரைப் போடுவார். காலையில் சொன்னால் நம்பமாட்டார். "நானா? நான் சத்தமே போடற ஆள் இல்லையேம்மா" என்பார், நிஜமாகவே மனசு நொந்து.

அதனால் மதிய இடைவேளையில் அக்கா பின்தெருப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்விடுவார். உயரமான கூரை, குளிர்ந்த கல்தரை, தூணை ஒட்டி ஒரு பெஞ்சு. கூடத்துப் பெரியவர் உரையைத் தொடங்குவார். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே சீராகப் போகும் குரல் அது. அக்கா கைகளைக் கோத்து மடியில் வைத்து, தலையைக் குனிந்து, அடுத்த வாக்கியம் வருவதற்குள் தூங்கிவிடுவார். சாயாமல், வாய் பிளக்காமல் உட்கார்ந்தபடி தூங்குவது ஸ்டூலில் பழகிய உடம்புக்குப் பெரிய விஷயமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் சமாதானப் பேச்சு நடந்தது. எங்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகள், பொதுவான இடம் என்று இந்த ஊரைப் பிடித்து, பெரிய ஹோட்டலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. பத்திரிகைக்காரர்கள் வாசலில் தவம் கிடந்தார்கள். அவர்களில் ஒரு வெளிநாட்டு நிருபர், கடவுள் நம்பிக்கையும் உலக அரசியலும் எங்கெங்கே உரசுகின்றன என்று எழுதிப் பெயரெடுத்தவர். இந்த ஊர்ப் பேச்சைப் புத்தகம் வைத்துக் கற்றவர். டீக்கடையில் போய், "அன்புகூர்ந்து ஒரு குவளை தேநீர் நல்குவீர்களா?" என்று கேட்டதில் கடைக்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

ஹோட்டல் கதவு திறக்கிற வழியாக இல்லை. கட்டுரை எங்கே, கட்டுரை எங்கே என்று தலைமை அலுவலகம் அவரைப் பிடுங்கித் தின்றது. வெயில் தாங்காமல் அவர் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தார். தூணோரம் குனிந்த தலை, கோத்த கைகள், மேலே சன்னல் வெளிச்சம். பெரியவரிடம் சைகையால் அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் வெளியேறினார்.

உள்ளூர்ப் பத்திரிகை அவர் கட்டுரையை மொழிபெயர்த்து முதல் பக்கத்தில் போட்டது. "அங்கே தலைவர்கள் வரைபடத்தின் மீது குனிந்திருக்கிறார்கள். இங்கே ஒரு தொழிலாளி அவர்களுக்காகக் குனிந்திருக்கிறார். வேண்டுதலில் இவ்வளவு ஆழ்ந்துபோன முகத்தை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை."

நாலாவது மாடி நர்ஸ் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, நீங்கதான்! புடவைகூட அதேதான்!"

அக்கா பத்திரிகையை வாங்கிப் படத்தைப் பார்த்தார். 'அடிப்பாவி, நான் தூங்கிட்டிருந்தேன்' என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சர்ஜன் உள்ளே வந்து, "அம்மா, இத்தனை நாளா உங்க அருமை தெரியாம போச்சே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அக்கா கைப்பிடியை அழுத்தினார்.

வீட்டில் கணவர் படத்தை விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ஏம்மா, இது நீ ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கறப்ப வர்ற மூஞ்சியாச்சே?"

"மெதுவா பேசுங்க! பக்கத்து வீட்ல காதை வச்சுட்டு இருப்பாங்க."

"சரி, சரி. நான் ஏன் வெளிய சொல்லப்போறேன்?" என்றவர், படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்.

மறுநாளிலிருந்து படிக்கட்டில் ஈ காக்கை இல்லை. லிஃப்ட் வாசலில் கூட்டம் நெரிந்தது. "அக்கா, அப்பாவுக்கு ஆபரேஷன். ஆறாவது மாடி போறதுக்குள்ள ஒரு வார்த்தை வேண்டிக்குங்க" என்றார் ஒருவர். "எனக்கு எக்ஸாம்தான். மூணுல இறங்கிடுவேன், சின்னதா போதும்" என்றாள் ஒரு மாணவி. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று கண்கலங்கி நிற்கிற மனிதரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? அக்கா கைப்பிடியை விடாமல் கண்ணை மூடி, 'இவரோட அப்பாவைக் காப்பாத்திடுப்பா' என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டார். சாயங்காலம் நர்ஸைக் கூப்பிட்டு, அந்த ஆறாவது மாடிக்காரர் கஞ்சி குடித்தாரா என்று விசாரிக்கவும் செய்தார்.

கூடத்தில் நிலைமை இன்னும் மோசம். தூணைச் சுற்றிக் கூட்டம் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது. பெரியவர் உரையை நீட்டியதோடு, நடுநடுவே அக்காவைச் சுட்டிக்காட்டவும் தொடங்கினார். இத்தனை கண்கள் குத்தும்போது தூக்கம் எப்படி வரும்? மூடிய கண்ணுக்குள்ளே பொட்டுத் தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு யோசிக்க வேறெதுவும் கிடைக்காமல், அந்த இரண்டு நாடுகளும் நினைவுக்கு வந்தன. அங்கே குண்டுச் சத்தத்துக்கு நடுவில் பொம்பளைங்க எப்படித் தூங்குவாங்க? நமக்காவது மூக்குச் சத்தம்தான்.

வீட்டிலும் தூக்கமில்லை, கூடத்திலும் தூக்கமில்லை. உடம்பு எத்தனை நாள் தாங்கும்? கணவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்த ஒரு மதியம், லிஃப்டில் மூச்சுவிட இடமில்லை. சர்ஜன், நர்ஸ், நோயாளி ஒருவரைப் பார்க்க வந்த கூடத்துப் பெரியவர், நோயாளிகளின் உறவுக்காரர்கள், அக்காவை நேரில் பேட்டி காண வந்த நிருபர். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. அக்காவின் கை கைப்பிடியிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. தலை குனிந்திருந்தது.

பெரியவர் கண்ணை மூடினார். ஆபரேஷனுக்கு நேரமான சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தானும் தலையைக் குனிந்துகொண்டார். நிருபருக்கு மெய்சிலிர்த்தது.

பின்னாலிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "அட, தூங்கறா."

"உஷ்!" என்றது லிஃப்ட் முழுவதும்.

"என்ன உஷ்ஷு? என் பொண்டாட்டி தூங்கறாங்கறேன்!" என்று ஆட்களை விலக்கி வந்து அக்காவின் தோளை உலுக்கினார்.

அக்கா திடுக்கிட்டு விழித்து, கைப்பிடியைத் தாவிப் பிடித்தார். "எந்த மாடி?"

நிருபரின் முகம் வெளுத்தது. "அம்மையீர், அன்று கூடத்தில் தாங்கள் வேண்டுதலில் ஈடுபட்டிருந்தீர்கள் அல்லவா?"

"இல்லீங்க. அன்னிக்கும் தூக்கம்தான்" என்றார் அக்கா. சொன்ன பிறகு நெஞ்சு இலேசாகிவிட்டது.

"வேலை நேரத்துல தூங்கலாமா? வீட்டுல தூங்கறதுக்கென்ன?" என்றார் கணவர். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

"வீட்டுலயா? நீங்க விடற குறட்டையில தெருவே தூங்கறதில்ல! இதுல நான் எங்க தூங்கறது?"

நிருபர் பேனாவை எடுத்தார். "மன்னிக்க வேண்டும். குறட்டை என்பதன் பொருள் யாது?"

வார்த்தையால் விளக்க யாருக்கும் வரவில்லை. சர்ஜனே மூக்கைச் சுளித்து ஒருமுறை விட்டுக் காட்டினார். கணவர் டப்பாவால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அப்போ என் உரையிலயா தூங்கினே?" என்றார் பெரியவர்.

"உங்க குரலுக்குத்தாங்க எனக்குத் தூக்கம் வரும். வேற எங்கயும் இப்படி வர்றதில்ல."

மகிழ்வதா, கோபித்துக்கொள்வதா என்று தெரியாமல் பெரியவர் ஐந்தாவது மாடியில் இறங்கி நடந்தே போனார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

நிருபர் நேர்மையானவர். 'உறக்கத்தைப் பார்த்துவிட்டு வேண்டுதல் என்று எழுதினேன், பிழை என்னுடையது' என்று அடுத்த கட்டுரையில் ஒப்புக்கொண்டார். காரணத்தையும் விடாமல் எழுதியதில் கணவரின் மூக்கு பல நாடுகளுக்குத் தெரிந்துபோனது. டிப்போவில் கேலி தாங்காமல் அவர் தானாகவே மூக்கு டாக்டரிடம் போனார். மூக்குக்குள் வளர்ந்திருந்த சதையை எடுத்தார்கள். முதல் சில நாட்கள் சத்தம் இல்லாததே அக்காவை எழுப்பியது. பிறகு பழகிவிட்டது.

லிஃப்டில் கூட்டம் குறைந்தது. ஆனாலும் ஆறாவது மாடிக்குப் போகிற சிலர், விஷயம் தெரிந்தும், "பரவாயில்ல, வேண்டிக்குங்க அக்கா" என்று கேட்டார்கள். அக்கா மறுக்கவில்லை.

ஸ்டூலுக்குக் கீழே இப்போது ஒரு சின்ன ரேடியோ இருந்தது. செய்தி நேரத்தில் அதை எடுத்துக் காதோடு வைத்துக்கொள்வார். ஒருநாள் நர்ஸ் ஏறியதும், "கையெழுத்து போட்டுட்டாங்கடி! சண்டையை நிறுத்தறாங்களாம்" என்றார்.

"யாருக்கா?"

"அதான், அந்த ரெண்டு நாடும்."

"அது எந்தப் பக்கம்கா இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? எங்கயோ இருக்கு. நிறுத்திட்டாங்க, அது போதும்" என்று அக்கா கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். "உனக்கு நாலுதானே?"