யூலியன் நிறுத்திய குச்சிகள்

யூலியன் வீட்டில் சோற்றுக் கிண்ணத்தில் யாரும் சாப்பிடுகிற குச்சியைக் குத்தி நிறுத்தக் கூடாது. செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். ஒருநாள் அவள் புருஷன் கோஹுய், டிவி பார்க்கிற கவனத்தில் நிறுத்திவிட்டான். யூலியன் கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"யாருக்குப் படைக்கிற? எனக்கா, உனக்கா?"

"பேஸ்பால் முடியட்டும், சொல்றேன்."

அந்தச் சோற்றை அப்படியே கொட்டிவிட்டு வேறு சோறு போட்டாள். சாவு விஷயத்தில் அவ்வளவு ஜாக்கிரதை.

லுகாங் ஊர்ப் பக்கம் தண்ணீர்க் குழாய்க்கு மூடி அடிக்கும் பட்டறைகளில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. லியன் அக்கா உட்கார்ந்தால் பவர் பிரஸ்ஸுக்கே மூச்சு வாங்கும் என்பார்கள். தகட்டை அடித்து மூடியாக்கும் அந்த பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரண்டு கையாலும் ஒன்றாக அமுக்கினால்தான் மேலே தொங்கும் இரும்பு இறங்கும். கைகள் பொத்தானில் இருந்தால் இரும்புக்கு அடியில் இருக்க முடியாது அல்லவா? யோசித்தவன் கெட்டிக்காரன்தான். மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு சும்மா வருகிற மூங்கில் குச்சியைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

குச்சியைப் பாதியாக ஒடித்து வலது பொத்தானுக்கும் அதன் வளையத்துக்கும் நடுவே செருகினால், பொத்தான் அமுங்கியபடியே கிடக்கும். குச்சி மட்டும் விறைப்பாக நிற்கும். பிறகு அமுக்க இடது கை போதும். வலது கை தகட்டை வைக்கலாம், எடுக்கலாம். வேலை பறக்கும். யூலியன் செருகிய குச்சி தளராது என்பதால் எல்லாப் பெண்களும் அவளிடமே வருவார்கள்.

பக்கத்து பிரஸ்ஸில் இருந்த ஆ-மின் ஒருமுறை கேட்டாள். "அக்கா, சோத்துல நின்னா ஆகாதுங்கிறீங்க, இங்க மட்டும் நிக்கலாமா?"

"இது இரும்புடி. இரும்புக்கு ஏது சாவு?"

முதலாளி ஷி பாதுகாப்பில் குறை வைத்தவர் இல்லை. ஒவ்வொரு எந்திரத்தின் தலையிலும் ஒரு பச்சைப் பை சோளப் பொரி வைத்திருந்தார். அந்தப் பொரியின் பேருக்கே 'சமர்த்தாக இரு' என்றுதான் அர்த்தம், தலையில் வைத்தால் எந்திரமும் சமர்த்தாக இருக்குமாம். பை பச்சையாகவே இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. இதில் ஆள் கறார். குச்சிகளைக் கடந்து போகும்போது மட்டும் அவர் கண்ணில் ஏதாவது தூசு விழுந்துவிடும்.

அன்று ஒரு தகடு கோணலாக உட்கார்ந்தது. அதை நேராக்க வலது கை போனது. இடது கைக்கு அது தெரியாது, வழக்கப்படி அமுக்கியது. சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆ-மின்தான் முதலில் தரையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல், நடுவிரல்.

"பதறாதீங்க, ஒட்ட வெச்சிடலாம். ஐஸ், ஐஸ்" என்றார் முதலாளி.

முதலாளியம்மா எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினாள். கடைப்பெண் தலை நிமிரவில்லை.

"சர்க்கரை எவ்வளவு?"

"சர்க்கரை வேணாம்."

"ஐஸ் சாதாரணமாவா, கம்மியாவா?"

"ஐஸ் மட்டும்தான் வேணும். நெறைய."

கேட்டபடி ஒரு கோப்பையில் நிரப்பி, பழக்க தோஷத்தில் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஸ்ட்ராவும் வைத்துக் கொடுத்தாள். முதலாளியம்மா தாளைக் கிழித்து விரல்களை உள்ளே போட்டாள். நன்றாகக் குளிரட்டும் என்று குழாய்த் தண்ணீரையும் ஊற்றினாள்.

வண்டியில் யூலியன் அந்தக் கோப்பையை இடது கையில் பிடித்திருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. குச்சி பிடிக்கிற விரல்கள் இவை. ஒற்றை வேர்க்கடலையைக் கவ்வித் தூக்கிய விரல்கள். ஒட்டிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

டாக்டர் கோப்பைக்குள் பார்த்தார். வெளுத்து ஊறிப் போயிருந்தன.

"யாரு இத ஐஸ் தண்ணியில போட்டது?"

"நான்தான் டாக்டர். நெறையத்தான் போட்டேன்" என்றாள் முதலாளியம்மா.

"ஈரத்துணியில சுத்தி, பையில கட்டி, அந்தப் பையத்தாம்மா ஐஸ்ல வைக்கணும். நசுங்காம வந்திருக்கு. இப்படி ஊறாம இருந்திருந்தா தைரியமா சொல்லுவேன்." தைத்துப் பார்த்தார். சில நாளில் இரண்டும் கறுத்தன. எடுத்துவிட்டார்கள்.

இதற்குள் பட்டறையில் முதலாளி விசாரணையை முடித்திருந்தார். யூலியன் பிரஸ்ஸின் மேலிருந்த பொரிப் பையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, தேதி போன மாசமே முடிஞ்சிருக்கு. ஒருத்தராவது சொன்னீங்களா?" எல்லா எந்திரத்துக்கும் புதுப் பை வந்தது. யூலியன் இடத்துக்கு ஆ-மின் வந்தாள்.

கை ஆறி யூலியன் திரும்பியபோது உட்கார்ந்தபடி மூடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை கொடுத்தார்கள். மதியம் சாப்பாட்டுப் பெட்டியோடு முதலாளியம்மா ஒரு ஸ்பூன் வைத்தாள். முயல் படம் போட்ட, குழந்தைகள் ஸ்பூன்.

"பழகிடும் அக்கா" என்றார் முதலாளி.

யூலியன் ஸ்பூனை ஒதுக்கினாள். குச்சி உறையைப் பல்லால் கிழித்தாள். இடது கையால் இரண்டு குச்சிகளையும் சோற்றில் குத்தி நிறுத்தினாள். எழுந்து போய், பெட்டியைத் தன் பழைய பிரஸ்ஸின் முன்னால் வைத்தாள். பட்டறையில் மெல்லும் சத்தம் நின்றது.

"அக்கா, என்ன இது? பட்டறைக்குள்ள இதெல்லாம் வேணாம். எடுங்க."

"ரெண்டு பேருக்குப் படைக்கணும் முதலாளி. இங்கதானே போனாங்க."

முதலாளி ஓடிவந்து இரண்டு குச்சிகளையும் பிடுங்கினார். கையை சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு நிக்குது" என்றாள் யூலியன்.

அவள் காட்டிய இடத்தில், வலது பொத்தான் பக்கத்தில், பாதிக் குச்சி நின்றது. அவளே முன்பு செருகியது, தளரவே இல்லை. முதலாளி அதைப் பார்த்தார். கண்ணில் அன்று தூசு விழவில்லை.

"சாயந்தரம் சரக்கு போகணும் அக்கா" என்றார், அந்தக் குச்சியைத் தொடாமல், கொஞ்சம் கெஞ்சலாக.

ஆ-மின் வாயிலிருந்த சோற்றை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.