பின்பக்கம் மாரியம்மன், முன்பக்கம் குதிரைவாலி

நோட்டீஸ் கொடுக்கிறவன் இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது, நீட்டிய கையை எப்போது மடக்குவது என்பதைத்தான்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலும் சாத்தூர் சந்தையிலும் வெயிலில் நின்று, வாங்காமல் போகிறவர்களின் முதுகைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்த சக நோட்டீஸ்காரர்களே, இது உங்களுக்காக எழுதுவது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். என்ன சாப்பிடுகிறோம், எதை விதைக்கிறோம், மழை ஏன் தப்புகிறது, யார் தட்டில் எது இல்லை: இந்த நான்கைத் தவிர வேறு எதற்கும் நான் நோட்டீஸ் போட்டதில்லை. நாற்பது வருடத்தில் மறுப்பு நோட்டீஸ் எத்தனையோ போட்டிருக்கிறேன். திருத்த நோட்டீஸ் ஒன்றுகூடப் போட்டதில்லை என்று மேடையிலேயே மார் தட்டுவேன். அந்தப் பெருமை எப்படிப் போனது என்பதும் இதில் வருகிறது.

கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்

நாலு பேர் சேர்ந்து நோட்டீஸ் போட்ட எங்களிடம் காகிதம் வாங்கக் காசு கிடையாது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் மேல் இரக்கப்பட்டு, நிறம் விலகிப்போன சாமிப் படங்களைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார். மாரியம்மனுக்கு இரண்டு மூக்குத்தி இருக்கும், முருகனின் வேல் மயில் மேல் குத்தி நிற்கும். முதுகுப்பக்கம் மட்டும் சுத்தமான வெள்ளை. அதில்தான் தீட்டிய அரிசியின் தீமைகளை அச்சடிப்போம்.

ஒரு ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஒரு மூட்டை கொண்டுபோனோம். வாங்கினவர்கள் ஒருவர்கூடக் கசக்கி எறியவில்லை. இரண்டு கையாலும் வாங்கினார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், மடிக்காமல் பைக்குள் வைத்தார்கள். மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று அடுத்த கட்டைப் பிரித்தேன். அப்போது மொட்டை போட்ட குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா திரும்பி வந்து, வாங்கின நோட்டீஸை நீட்டினார்.

“அண்ணே, முருகன் இருந்தா மாத்திக் குடுங்க. எங்க வீட்டுல மாரியாத்தா ரெண்டு ஆயிருச்சு.”

தீபாவளி கழித்து வரும் மழை

‘மரம் வைப்போம், மழை பெறுவோம்’ என்ற நோட்டீஸை எடுத்துக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்றேன். வேலை விட்டு வந்த பெண்களின் கை முழங்கைவரை அலுமினியப் பொடியில் வெள்ளியாக மின்னியது. மழை இல்லாமல் போனால் இந்தக் கரிசல் என்ன ஆகும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் செய்த சரக்கு வெயிலில் காய வேண்டும். தூறல் விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. இது எனக்குத் தெரியாதா? தெரியும். நோட்டீஸ் எழுதும்போது மட்டும் மறந்துபோகும்.

மழை தப்பியதால்தான் இந்தத் தொழில் இங்கே வந்தது. தொழில் வந்தபிறகு மழையைக் கும்பிட ஆள் குறைந்துவிட்டது. இந்த முடிச்சை அவிழ்க்கும் நோட்டீஸை நான் இன்னும் எழுதவில்லை. அந்தக் கூட்டத்தில் மூத்தவள் என் கையிலிருந்த கட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“மரம் வைக்கோம்ணே, வேண்டாங்கல. மழைய மட்டும் தீபாவளி கழிச்சு வரச் சொல்லுங்க, சீசன்ல வந்து கெடுத்துராம.”

ஜெசிந்தா டீச்சர்

விருதுநகரில் எங்கள் முதல் உணவு விவாதக் கூட்டம். கம்பும் குதிரைவாலியும் தின்ற காலத்தில் சர்க்கரை நோயே இல்லை என்று மைக்கில் முழங்கினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார். சாத்தூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர், பெயர் ஜெசிந்தா. “நோய் இல்லையா, சோதிச்சுப் பார்க்க ஆள் இல்லையா? ஆதாரம் என்ன?” என்றார். இதற்கெல்லாமா ஆதாரம், எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்றேன். கூட்டம் கை தட்டியது. டீச்சர் உட்காரவில்லை.

“எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு சார் நோட்டீஸ்?”

இந்தத் தடவை கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது. அன்றிலிருந்து எங்கள் நோட்டீஸின் அடியில் ‘ஆதாரம்’ என்று ஒரு வரி வந்தது. டீச்சரும் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு நோட்டீஸையும் சிவப்பு மையில் திருத்தித் தபாலில் அனுப்புவார். நான் கோபத்தில் கிழித்துப் போடுவேன். அவர் இன்னொரு பிரதியைக் கோப்பில் வைத்துக்கொள்வார். கூட்டம் முடிந்ததும் மைதாவை ஒழிக்கச் சபதம் எடுத்த நாங்கள் நாலு பேரும் டீச்சரும் எண்ணெய் பரோட்டாக் கடைக்குப் போவோம். அது மாதிரி நாட்கள் இனி வராது. அந்த நாலு பேரில் இருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் கட்சியில் சேர்ந்து கார் வாங்கிவிட்டார். போனவர்களைத்தான் இன்றும் தோழர் என்கிறேன். கல்லில் பரோட்டாவைப் புரட்டிக்கொண்டே மாஸ்டர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“மைதா கூட்டம் முடிஞ்சிருச்சாண்ணே? உங்களுக்குத்தான் முப்பது எடுத்து வச்சிருக்கேன்.”

அரிசி தின்னச் சலித்தவர்கள்

ஊருக்கு வெளியே இருந்த ஒரு காலனியில் கம்மஞ்சோற்றின் மகிமையைப் பேசினேன். இந்தப் பக்கம் யாருக்கு எப்போது எந்தச் சோறு கிடைத்தது என்பதை நான் நோட்டீஸில் எழுதியவன்தான். ஆனாலும் அன்று கம்பின் சத்தைப் பற்றி மட்டும் பேசினேன். முன்னால் உட்கார்ந்திருந்த மாடசாமி என்பவர், சின்ன வயதில் பண்ணையில் வேலை செய்தவர், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தான் கம்மங்கூழை விரும்பிக் குடிக்கவில்லை, பண்ணையில் வேறு எதுவும் ஊற்ற மாட்டார்கள் என்பதால் குடித்ததாகச் சொன்னார். அரிசிச் சோறு அவர் வீட்டில் தினசரி ஆனது ரேஷன் கடை வந்த பிறகுதான். கடைசியாக அவர் சொன்னதைக் கேட்டு, நான் அன்று மீதி நோட்டீஸைக் கொடுக்காமல் திரும்பினேன்.

“அரிசி தின்னு நீங்க சலிச்சிட்டீக. நாங்க இப்பத்தான ஆரம்பிச்சிருக்கோம், கொஞ்ச நாள் தின்னுக்கிடுதோமே.”

சிறுதானியக் கடை

இப்போது அதே கம்பைக் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் டப்பாவில் விற்கிறார்கள். போன வருடம் அப்படி ஒரு கடையில் நுழைந்தேன். ஒரு டப்பாவை எடுத்து, விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கப் போனேன். டீ சர்ட் போட்ட விற்பனைப் பெண், நார்ச்சத்து, மெதுவாக ஏறும் சர்க்கரை என்று பாடம் நடத்தினாள். வரிக்கு வரி நான் இருக்கன்குடியில் கொடுத்த நோட்டீஸ். கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் தோன்றியது. நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் ஆறுதலாகச் சொன்னாள்.

“பரவால்ல ஐயா, உங்க காலத்துல இதப் பத்தியெல்லாம் சொல்றதுக்கு ஆள் இல்ல.”

ஆமத்தூர் ராமலட்சுமி

ஆமத்தூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ராமலட்சுமி, ஆவணி கடைசியில் என்னைத் தேடி வந்தாள். அரை வருடம் விவசாயம் பார்க்கும் சம்சாரி, அரை வருடம் பட்டாசு வேலை. மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்று தீர்த்துவிட்டது. இந்த வருடம் இரண்டு ஏக்கரிலும் குதிரைவாலி போடப் போகிறாள். நிலத்திலேயே கிடக்க வேண்டும் என்று சீசன் வேலைக்கு வரவில்லை எனப் பட்டாசுக் கம்பெனியிலும் சொல்லிவிட்டாள். இத்தனைக்கும் காரணம் போனில் வந்த ஒரு படம். ‘ஒரே மழையில் விளையும் குதிரைவாலி’ என்று தலைப்பு. அடியில், ஆதாரமாக ஒரு வேளாண் மாத இதழின் பெயர். இது உண்மையா என்று கேட்டாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நம் வாழ்நாள் கொள்கை போன் வரைக்கும் வந்துவிட்டதே! உண்மைதான் தாயி, தைரியமாகப் போடு என்றேன். அவள் முகம் தெளிந்தது.

“நீங்க சொன்னா சரிதாண்ணே. எனக்கு இத விட்டா வேற நெலமும் இல்ல, வேற வருசமும் இல்ல.”

ஆதாரத்தின் ஆதாரம்

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் முள்ளாக நின்றது. சாத்தூருக்குப் போய், ஓய்வு பெற்றுவிட்ட ஜெசிந்தா டீச்சரிடம் சொன்னேன். வழக்கம்போல ஒரே கேள்வி: ஆதாரம்? இருவரும் தேட உட்கார்ந்தோம். அந்த மாத இதழைத் தேடிப் பிடித்தோம். அது ஒரு இயற்கை விவசாயக் குழுவின் சிறு வெளியீட்டைக் காட்டியது. அந்த வெளியீட்டைக் கேட்டு வாங்கினோம். அதன் கடைசிப் பக்கத்தில் ‘ஆதாரம்: விருதுநகர் வட்டாரத் துண்டுப் பிரசுரம்’ என்றிருந்தது. டீச்சர் உள்ளே போய்த் தன் பழைய கோப்பைக் கொண்டுவந்தார்.

பின்பக்கம் இரண்டு மூக்குத்தி மாரியம்மன். முன்பக்கம், ‘ஒரே மழையில் விளையும் குதிரைவாலி!’ அடியில் என் பெயர். தலைப்பைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ‘எந்த நிலத்தில்?’ என்று டீச்சரின் கையெழுத்து.

எல்லாம் ஞாபகம் வந்தது. சாத்தூர்ச் சந்தையில் ஒரு சம்சாரி சொன்னது அது. “கம்மாய்க்குக் கீழ, ஈரம் நிக்கிற கரிசல்ல” என்று ஏரிக்கரைக்குக் கீழே உள்ள நிலத்தைச் சொல்லித்தான் அவர் ஆரம்பித்தார். அச்சுக் கோக்கிறவர் ஒரு வரி கூடுகிறது, எதையாவது எடுங்கள் என்றார். நான் கம்மாயையும் ஈரத்தையும் எடுத்தேன். ராமலட்சுமியின் நிலமோ மேடு. மழை பெய்த மூன்றாம் நாள் புழுதி பறக்கும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இம்புட்டு வருசமா ஆதாரம் ஆதாரம்னு உங்களக் கேட்டேன் தலைவரே. கடைசில நீங்களேதான் ஆதாரமாம்.”

மேட்டு நிலம்

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆமத்தூர் போனேன். ராமலட்சுமி நிலத்தில் வேலிமுள் வெட்டிக்கொண்டிருந்தாள். விதை மூட்டை வேப்பமரத்தடியில் இருந்தது. எழுதியவன் நான், வெட்டியவனும் நான், உன் நிலத்துக்கு அது பொருந்தாது என்று நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தாள். மேற்கு மூலையில் கொஞ்சம் பள்ளம், தண்ணீர் நிற்கும். அதில் மட்டும் குதிரைவாலி போடுகிறேன், மற்றதில் துவரை போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன், கம்பெனி போர்மேனிடம் போய் நின்றால் சேர்த்துக்கொள்வார் என்றாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு, கணக்கு தீர்ந்தது என்று பஸ் ஏறி வந்திருப்பேன்.

“எனக்கு வந்து சொல்லிட்டீக, சரி. போன்ல பாத்த மத்த சனம் எங்கன வந்து உங்களத் தேடும்? அதையும் ஒரு நோட்டீஸா போடுங்க.”

படித்துத்தான் ஆக வேண்டுமா

போட்டேன். பழைய அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் மகன், இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் அச்சு, சாமி நிறம் விலகுவதில்லை என்று கையை விரித்தார். வெள்ளைக் காகிதம் வாங்கினேன். ‘நான் எழுதியது தவறு’ என்று தலைப்பு. கம்மாயும் ஈரமும் கரிசலும் மேடும் பள்ளமும் எல்லாம் விவரமாக, ஒரு வரியும் வெட்டாமல். கடைசி வரியில், ஆதாரம் என்று என் பெயர். டீச்சருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். சிவப்பு மை இல்லாமல் திரும்பி வந்த ஒரே நோட்டீஸ் அதுதான். அதைப் படம் பிடித்து அவரே போனில் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறார். பழைய படம் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இது பின்னால் நொண்டிக்கொண்டு போகிறது. மேற்கு மூலைக் குதிரைவாலி முளைத்துவிட்டதாக ராமலட்சுமி சொன்னாள். மீதியை மழை சொல்ல வேண்டும்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பழைய இடத்தில் நின்று அதைக் கொடுத்தேன். நடுவயதுக்காரர் ஒருவர் வாங்கினார், வழக்கப்படி திருப்பினார், மறுபடி திருப்பினார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

“என்னண்ணே, பின்னாடி ஒண்ணுமே இல்ல. அப்ப இதப் படிச்சுத்தான் ஆகணுமா?”

ஊரைத் திருத்த நாற்பது வருடம் நோட்டீஸ் கொடுத்தேன், சாமிக்காக வாங்கினார்கள். என்னைத் திருத்திக்கொண்டு ஒன்று கொடுத்தேன், அதைத்தான் வேறு வழியில்லாமல் படிக்கிறார்கள்.