மூலை நாற்காலியில் என் நாத்தனார்

என் நாத்தனார் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கி ஒரு சுற்று திருப்பிப் பார்ப்பார். கல்யாணமாகி வந்த புதிதில், நான் பாத்திரம் கழுவுகிற லட்சணத்தைத்தான் சோதிக்கிறார் என்று நினைத்து, ஆறு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது வேலைப் பழக்கம் என்று. அண்ணி, அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன், கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் பரிசோதகர். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். கழுத்தில் மயிரிழை விரிசல், அடியில் குமிழ், வாயில் சில்லு, எது தென்பட்டாலும் இரண்டு விரலால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். அரை மணி நேரம் பார்த்தால் அரை மணி நேரம் ஓய்வு. அதற்கு மேல் கண் பொய் சொல்லும் என்பார்.

ஒரு முறை மேற்பார்வையாளர் வந்து, "நீங்க ரொம்ப அதிகமா பாட்டில் எடுக்கறீங்கம்மா" என்றாராம்.

"கீறல் எவ்வளவு வருதோ அவ்வளவுதான் எடுக்கறேன். வேணும்னா சூளைக்காரங்ககிட்ட போய்ப் பேசுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

இப்படிப்பட்டவர் ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் போனது தற்செயல்தான். அவருடைய மகளை ஏழு வயதில் நகராட்சிக் கூடத்தில் சேர்த்தார். பிள்ளை மூன்றே மாதத்தில் தலை சுற்றுகிறது என்று நின்றுவிட்டாள். அம்மா நிற்கவில்லை. ஒரு போட்டியன்று எல்லைக்கோட்டு நடுவர் வரவில்லை. சும்மா நின்றிருந்த அண்ணியின் கையில் கொடியைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்தார்கள். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம், நடுவில் ஒரே ஒரு வருடம் தவிர, அந்த நாற்காலியை அவர் விடவில்லை.

வேலை என்னவோ எளிதுதான். தரைப் போட்டியில் பெண்கள் ஓடி, கரணம் போட்டு, சுழன்று வந்து இறங்குகிற விரிப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டிருக்கும். கோட்டை மிதித்தால் தப்பில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் தரையைத் தொட்டால் மூலையில் உட்கார்ந்திருப்பவர் கொடியைத் தூக்க வேண்டும். ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு குறையும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்தில் ஒன்றுக்காகத்தான் பிள்ளைகள் அழுவதும், பெற்றவர்கள் சட்டையைப் பிடிப்பதும்.

ஆரம்பத்தில் அண்ணியே ஒரு தப்பு செய்திருக்கிறார். யாரோ ஒரு சிறுமி காற்றில் சுழன்ற அழகில் மயங்கி, வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். அவள் கால் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கொடி தூக்கவில்லை. அவள் முதலிடம் வந்தாள். அன்று மாலையே தலைமை நடுவரிடம் போய், "நான் கோட்டைப் பாக்கல. பிள்ளையப் பாத்துட்டேன்" என்று தானே சொல்லி, ஒரு வருடம் உட்காரக் கூடாது என்ற தண்டனையையும் வாங்கிக்கொண்டு வந்தார். அதன் பிறகு முழங்காலுக்கு மேலே கண்ணைத் தூக்கியதே இல்லை. இத்தனை வருடம் எல்லாரையும்விடக் கிட்டத்தில் உட்கார்ந்தும் ஒரு கரணத்தைக்கூட முழுசாகப் பார்க்காத ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். போட்டி முடிந்து வந்ததும், "எப்படி ஆடினாங்க?" என்று கேட்டால், "கால் நல்லா இருந்துச்சு" என்பார்.

என் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கொடி எழுந்தது. என் மகளுக்குப் பதினொரு வயது. மாவட்டப் போட்டியில் வெண்கலம் கிடைக்க வேண்டியவள். சொந்த அத்தையே கொடியைத் தூக்கினார். பிள்ளை நாலாவது இடத்துக்குப் போனாள். கூடத்துக்கு வெளியே நின்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சே இல்லை. "உங்க அக்காகிட்டச் சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரர் மூலமாகத்தான் எல்லாம். ஒரு நாள் மகளே சொன்னாள்: "அம்மா, குதிகால் வெளிய பட்டுச்சு. எனக்கே தெரியும்."

"அப்புறம் ஏண்டி அன்னைக்கு அப்படி அழுத?"

"மெடல் போச்சேன்னு அழுதேன். அத்தை மேல கோவம்னு நான் எப்பச் சொன்னேன்?"

இரண்டு வருடம் நான் ஒருத்தியாகச் சண்டை போட்டிருக்கிறேன். அண்ணிக்கு அது சண்டை என்றாவது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

உலக விளையாட்டுப் போட்டிகள் எங்கள் ஊருக்கு வந்தபோது, எல்லைக்கோட்டுக்கு உள்ளூர் நடுவர்களைத்தான் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வு, கண் பரிசோதனை, நாலு நாள் ஒத்திகை. அண்ணி எல்லாவற்றிலும் தேறி, பெண்கள் தரைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கே நாற்காலியைப் பிடித்துவிட்டார். சீருடையாக ஒரு நீலக் கோட்டு கொடுத்தார்கள். அதில் இன்னொரு ஆள் தாராளமாகக் குடியிருக்கலாம். நான் துணி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். அண்ணியை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன்.

"அக்குள்ல கொஞ்சம் தாராளமா விடு. கை தூக்கும்போது பிடிக்கக் கூடாது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறுதிச் சுற்றில் நம் பெண் ஒருத்தி இருந்தாள். ரொட்டி வண்டி ஓட்டுகிறவரின் மகள். பத்திரிகைக்காரர்கள் அவளைச் சிட்டு என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஜிம்னாஸ்டிக்ஸில் நம் நாட்டுக்கு அதுவரை ஒரு தங்கம்கூட வந்ததில்லை. தெருவில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அவள் படம்.

"அண்ணி, சிட்டு உங்க மூலையில வந்து கால வெளிய வெச்சா என்ன பண்ணுவீங்க?"

"தூக்குவேன்."

"ஊரே அடிக்க வரும். நாளைக்கு பஸ்ல எப்படி ஏறுவீங்க? தொழிற்சாலைக்கு எப்படிப் போவீங்க? ஒரே ஒரு நாள், ஒரு கண்ண மூடிக்கக் கூடாதா?"

"ஒரு கண்ண மூடினா தூரம் சரியாத் தெரியாது" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்குளில் இரண்டு விரல் அகலம் கூடுதலாக விட்டுத் தைத்துக் கொடுத்தேன்.

இறுதிச் சுற்று மதியம் மூன்று மணிக்கு. அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. நான், என் வீட்டுக்காரர், மகள், மூன்று பேரும் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்து இருக்கையில் பூட்டு பழுது பார்க்கிற ஒருவர், கன்னம் இரண்டிலும் நாட்டுக் கொடியின் நிறத்தைப் பூசிக்கொண்டு வந்திருந்தார். கீழே, விரிப்பின் மூலையில், முழங்காலில் கொடியை வைத்துக்கொண்டு அண்ணி. நான் தைத்த கோட்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது.

எட்டுப் பேரில் சிட்டு ஏழாவது. அவள் வருவதற்குள் ஒரு வெளிநாட்டுப் பெண் 14.133 எடுத்து முன்னால் நின்றாள். சிட்டு விரிப்பில் கால் வைத்ததும் கூட்டம் போட்ட சத்தத்தில் இசை கேட்கவில்லை. முதல் ஓட்டம் பிசகில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஓட்டம் நேராக அண்ணியின் மூலைக்கு வந்தது. சிட்டு உயரமாகச் சுழன்று இறங்கினாள், ஒரு சின்னத் தள்ளாட்டம், உடனே திரும்பிக் கையை விரித்துச் சிரித்தாள். அவள் கால் வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை. சத்தியமாக நானும் பார்க்கவில்லை.

கொடி மேலே போனது. கோட்டின் தோளில் ஒரு சுருக்கம் விழவில்லை. அவ்வளவு சுலபமாகப் போனது.

அரங்கமே கொடியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஊளை. சிட்டு நிற்காமல் ஆடிக்கொண்டிருக்க, பாதிக் கூட்டம் அவளைப் பார்த்துக் கை தட்டியது, மீதிப் பாதி அண்ணியைப் பார்த்துக் கத்தியது. சிட்டு கடைசி ஓட்டத்துக்கு எதிர் மூலையில் போய் நின்றாள். வழக்கத்தைவிட ஒரு மூச்சு கூடுதலாக நின்றாள். ஓடினாள், எகிறினாள், என்னவோ பெரிதாகச் சுழன்றாள், ஆணி அடித்தாற்போல் இறங்கி நின்றாள். இசை முடிந்தது.

"உனக்குச் சோறு போடறது இந்த ஊருதானே?" என்று பின்னாலிருந்து ஒருவர் அண்ணியைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். அண்ணி துண்டுச் சீட்டில் எதையோ எழுதி, நடுவர் மேஜைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மறுபடி முழங்காலில் கொடியை வைத்துக்கொண்டார்.

பூட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். கன்னத்து வண்ணம் வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. "யாருங்க அந்தம்மா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவர் அவரே வாயைத் திறக்கவில்லையே என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு சமாதானம்.

பெரிய திரையில் அந்த இறக்கத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். குதிகால் கோட்டைத் தாண்டி, இரண்டு விரல் அகலம், அந்தப் பக்கம் பட்டு எழுந்தது. ஊளை அடங்கியது. ஆனால் கோபம் அடங்கியதாகத் தெரியவில்லை. நிஜமாகவே வெளியே போயிருக்கிறாள் என்பது இன்னும் மோசம். இனி யாரைத் திட்டுவது? மதிப்பெண் வரத் தாமதமானது. தங்கம் பத்தில் ஒன்றில் போய்விட்டால் அண்ணியின் கதி என்ன என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. வீட்டு ஜன்னல் கண்ணாடி, பஸ், தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு முன்னால் அண்ணி உட்காருகிற ஸ்டூல், பக்கத்து ஸ்டூல்காரிகள்.

திரை மாறியது. கழிவு 0.1 என்று சிவப்பில். அதற்குக் கீழே 14.166. முதலிடம்.

என்ன சத்தம்! கூரை பெயர்ந்து போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. பூட்டுக்காரர் என் வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்தார். அந்த அமளியிலும் அண்ணி மட்டும் அசையவில்லை. இன்னும் ஒரு பெண் பாக்கி. எட்டாவது பெண் ஆடி முடிக்கிற வரைக்கும், ஊரே குதித்துக்கொண்டிருக்கும்போது, அவர் வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது பெண்ணுக்கு 13.9. தங்கம் நமக்கு.

அரங்கத்திலேயே சிட்டுவிடம் ஒலிவாங்கியை நீட்டினார்கள். கொடி தூக்கியது தெரியுமா என்று கேட்டார் அறிவிப்பாளர்.

"ஓரக்கண்ணுல தெரிஞ்சுதுங்க" என்றாள் சிட்டு, மூச்சு வாங்க. "கடைசி ஓட்டத்துல சின்னக் கரணம்தான் போடறதா இருந்தேன். கால மடக்கி ரெண்டு சுத்து. பத்திரமா முடிச்சுடலாம்னு கோச் சொல்லியிருந்தாரு. கொடியப் பாத்ததும், இனிமே பத்திரமா ஆடி என்ன பிரயோஜனம்னு தோணிச்சு. உடம்ப நீட்டியே ரெண்டு சுத்து போட்டுட்டேன். பயிற்சியில நாலு தடவைதான் சரியா இறங்கியிருக்கேன். அதுக்குப் பத்துல ரெண்டு கூட வரும்ங்க."

பூட்டுக்காரர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். போட்டதை விட்டுவிட்டு மறுபடி போட்டார். "இருங்க, இருங்க. கொடி தூக்கலேன்னா அந்தப் பத்துல ஒண்ணு குறைஞ்சிருக்காது. ஆனா அந்த ரெண்டும் வந்திருக்காது. அப்ப 14.066. அடக் கடவுளே! அந்தம்மா கொடி தூக்கலேன்னா நமக்கு வெள்ளிதாங்க!"

முன் வரிசையில் ஒருவர் திரும்பி, "என்ன சொன்னீங்க?" என்றார். பூட்டுக்காரர் மறுபடி சொன்னார். அது வரிசை வரிசையாகக் கீழே இறங்கிப் போனது. உனக்குச் சோறு போடுவது எந்த ஊர் என்று கேட்டவர், இப்போது அண்ணியைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். வெட்கமே இல்லை மனுஷனுக்கு. எனக்கு மட்டும் இருந்ததா என்ன?

பூட்டுக்காரரின் கையைத் தொட்டேன். "அவங்க என் நாத்தனாருங்க."

"இப்பத்தானே தெரியாதுன்னீங்க?"

"பொய் சொன்னேன். பயத்துல பொய் சொன்னேன். என் வீட்டுக்காரரோட சொந்த அக்கா. அந்தக் கோட்டுகூட நான் தச்சதுதான்."

அவர் என்னையும், கீழே தெரிந்த நீலக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்க நான் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கை மேல் ஏறி நின்றேன். இரண்டு கையையும் வாயருகே குவித்து, என் வாழ்க்கையில் அதுவரை கத்தாத கத்தலாக, "அண்ணீ!" என்று கத்தினேன். என் மகளும் ஏறி நின்று, "அத்தே!" என்றாள். கொடியைச் சுருட்டிக்கொண்டு எழுந்த அண்ணி தலையைத் தூக்கி, மேல் வரிசைகளில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்.

கண்டதும் முகத்தைச் சுளித்தார். விழுந்து தொலைக்கப் போகிறாய், உட்கார் என்று கையைக் காட்டினார்.

நான் உட்காரவில்லை.