மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ராவாங்கில் எங்கள் அடுக்குமாடியில் துணி காயப்போடும் இடத்தில் நின்றால் மலை தெரியும். மற்ற நாட்களில் புகை மறைத்துவிடும். இன்று காலை தெரிந்தது. நீலமாக, ரொம்பப் பக்கத்தில். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நல்லவேளை, பிள்ளைகள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அம்மாவுக்கு மறுபடி எஸ்டேட் ஞாபகம் வந்துவிட்டது என்று ஆரம்பித்திருப்பார்கள்.

வந்துவிட்டதுதான், என்ன செய்ய? கலும்பாங்கிற்கும் கோலா குபு பாருவுக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில், பெண்கள் துணியைக் கொடியில் போடும் முன் மலையைத்தான் பார்ப்பார்கள். மலை கறுத்தால் மழை. பள்ளிக்கூடத்தில் அதற்குத் தித்திவங்சா மலைத்தொடர் என்று பெயர். மலேசியாவின் முதுகெலும்பு என்றார்கள். நான் வரைந்தால் மரவட்டை மாதிரி வரும். மேற்கே பெய்யும் மழை மலாக்கா நீரிணைக்கு, கிழக்கே பெய்வது தென்சீனக் கடலுக்கு என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, அன்றைக்கே மறந்தும் போனேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு அது தேவைப்பட்டது? மலை எங்களுக்கு ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒன்று இருப்பதாகவே நாங்கள் நினைத்ததில்லை.

அடிக்கடி அதைத் தாண்டிப் போய்வந்தவர், பக்கத்து வீட்டுச் செல்வமணி அக்காவின் புருஷன் முனியாண்டி அண்ணன். மரம் ஏற்றும் லோரியில் உதவியாள். பச்சை மரத்தின் வாசனையும் டீசல் வாசனையும் அவர் சட்டையை விட்டுப் போகவே போகாது.

"ஒங்க வீட்டுக்காரரு காட்டையே சட்டையில கொண்டாந்துடுறாரு லா" என்று அம்மா கிண்டல் செய்வார். அக்கா வெட்கப்பட்டுச் சிரிப்பாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கேப் என்று சொல்லும் கணவாயைத் தாண்டி, ரவூப் பக்கம் இறங்கும் சாலையில் லோரி சேற்றில் மாட்டிக்கொண்டது. சக்கரத்துக்குக் கல் வைக்க முனியாண்டி அண்ணன் இறங்கினார். மேலிருந்து மண் சரிந்தது. ஓட்டுநர் காசிம் பாய் தப்பித்தார். அண்ணனை மண்ணோடு சேர்த்துக் கீழே ஓடிய ஆறு கொண்டுபோய்விட்டது. தேடித் தேடிப் பார்த்தும் உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது வழக்கம். அந்தச் சாம்பலைப் பதினாறாம் நாள் மேற்குக் கரையில் கோலா சிலாங்கூரில் கரைக்கலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மலையில் விழுவதெல்லாம் சிலாங்கூர் ஆற்றோடு வந்து அங்கேதான் கடலில் சேரும் என்பது தோட்டத்தின் நம்பிக்கை. பரீட்சை எழுதிய மேதாவியான எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

லோரி நிறையப் போனோம். முகத்துவாரத்தில் சேறும் மீனும் கலந்து நாறியது. சாம்பலைக் கரைத்ததும் அக்காவின் தாலியை இறக்கி, வளையலை உடைத்து, பொட்டை அழிக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் கலயத்தோடு நின்றவள், கரையில் ஒதுங்கி நின்ற காசிம் பாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாய், மண்ணு சரிஞ்ச எடத்துல ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

அவர் தயங்கினார். "கேப் தாண்டிட்டோம்ல தங்கச்சி. அங்கேர்ந்து தண்ணியெல்லாம் பகாங்குக்குத்தான் எறங்கும், கெழக்குக் கடலுக்கு."

"எல்லாம் கடல்தாம்மா. நேரம் போவுது, கரைச்சுடு" என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம்.

"அவரு இந்தத் தண்ணியில வரல சாமி. நான் எதுக்கு இங்க கரைக்கணும்?"

கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறிவிட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது லோரியில் ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் கை வளையல்கள் குலுங்கின. அன்று கேட்கவே கூடாத சத்தம் அது.

கலயத்தை மஞ்சள் துணியில் கட்டி, லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் தொங்கவிட்டாள். அதன் பிறகு அந்த மரத்துப் பழங்களை யாரும் தொடவில்லை, உதிர்ந்து அழுகின. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு அவளிடம் வந்ததும் தட்டு பிடித்தவளின் கை நின்றுவிடும். நீட்டுவதா, தாண்டிப் போவதா? அக்கா தானே எடுத்து வைத்துக்கொள்வாள். வாரத்துக்கு ஒருமுறை அண்ணனின் சட்டைகளைத் துவைத்துப் போடுவாள். மலை கறுத்ததும் எல்லோரும் துணி எடுக்க ஓடுவோம். அவள் மட்டும் மலையைப் பார்த்தபடி நிற்பாள். சட்டைகள் நனையும். அந்தப் பச்சை மர வாசனை அப்போதும் வந்தது. எனக்கு மட்டும்தானா என்று அம்மாவிடம் கேட்கப் பயந்தேன்.

சாலை சரியான பிறகு, தானே கூட்டிப்போவதாகக் காசிம் பாய் பலமுறை சொன்னார். அவள் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். ஒருநாள் குழாயடியில் கேட்டே விட்டேன்.

"ஏங்க்கா போவ மாட்டேங்கறீங்க?"

"போனா முடிஞ்சிரும்டி" என்றாள்.

எண்பதுகள் முடியும்போது தோட்டத்தை விற்றார்கள். எல்லாரும் மூட்டை கட்டி ராவாங், செகிஞ்சான் என்று இந்தப் பக்கமே பிரிந்து போனோம். செல்வமணி அக்கா மட்டும் காசிம் பாயின் லோரியில் சாமான்களை ஏற்றி, மலைப்பக்கம் போகச் சொன்னாள். ரவூப்பில் வேலை தேடி வைத்திருக்கிறாளாம். மரத்திலிருந்து இறக்கிய கலயம் மடியில் இருந்தது.

பிறகு காசிம் பாய் அப்பாவிடம் சொன்னார்: "கேப் தாண்டுனதும் நிறுத்தச் சொன்னுச்சு. கலயத்தோட ஆத்துக்கு எறங்குச்சு. நான் கிட்ட போவல. திரும்பி வந்து ஏறும்போது நெத்தியில பொட்டு இல்ல, கையில வளையலும் இல்ல."

காசிம் பாய் காலமாகிவிட்டார். லயம் நின்ற இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம். ரம்புத்தான் மரம் எங்கே இருந்தது என்று என்னாலேயே காட்ட முடியாது. ரவூப் போகும்போதெல்லாம் கோயிலிலும் சந்தையிலும் அக்காவைப் பற்றி விசாரிக்கிறேன். உயரமாக இருப்பாங்க, நெற்றியில் பெரிய பொட்டு, கை நிறைய வளையல் என்றுதான் எனக்கு அடையாளம் சொல்லத் தெரிகிறது. அப்படி ஒருத்தியை அந்தப் பக்கம் யாருமே பார்த்ததில்லை.