கை கழுவும் படத்தில் இருந்தவள்

அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். தலைமையாசிரியையும் நானுமாக இரண்டே பேர். வகுப்பறைச் சுவருக்கு வேண்டிய படங்கள், எழுத்து அட்டைகள், 'வரிசையில் வா' மாதிரியான பலகைகள் எல்லாவற்றையும் கே.கே. நகர் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் நானே செய்வேன். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, அப்படியே பஸ் ஏறிவிடுவேன். கடையில் விற்கும் சார்ட்டுகளில் பிள்ளைகள் எல்லாம் ரோஸ் கன்னமும் பழுப்பு முடியுமாக இருப்பார்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளையும் கிடையாது. அதுதான் நான் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்த காரணம்.

கொரோனா முடிந்து பள்ளி திறந்த சமயம், கை கழுவும் முறையைக் குழாய்க்கு மேலே ஒட்டச் சொன்னார்கள். எங்கள் பிள்ளை ஒருத்தியையே படம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. மூன்றாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பள்ளிக்குப் பின்னாலிருந்த செங்கல் சூளையில் அவள் அப்பா அம்மா வேலை பார்த்தார்கள். எதைச் செய்யச் சொன்னாலும் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு முழுக்கவனமாகச் செய்வாள். அவள் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "எடுங்க டீச்சர். எங்களுக்கும் ஒண்ணு குடுங்க" என்றாள்.

உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று ஒவ்வொன்றாகச் சோப்பு நுரையோடு செய்து காட்டினாள். கடைசிப் படத்தில், ஈரக் கைகளை முன்னால் விரித்துச் சிரித்தாள். முன்பல் ஒன்று அப்போதுதான் விழுந்திருந்தது.

"இந்தப் படம் எங்கெல்லாம் இருக்கும் டீச்சர்?"

"கேக்குற ஸ்கூலுக்கெல்லாம் குடுப்பேன்."

"அப்ப அம்புட்டு ஸ்கூல்லயும் நான் இருப்பேனா?"

"இருப்ப."

ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு டீச்சர் இந்தப் பிள்ள? எங்கிட்டு நின்னாலும் நம்மளயே பாக்குது" என்றார். அன்றைக்கே ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் படத்தைப் போட்டேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் சூளை நின்றது. ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. மதியம் சூளைக்குப் போய்ப் பார்த்தேன். அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகை காலியாகக் கிடந்தது. நான் கொடுத்த போஸ்டரையும் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒட்டிய டேப் தகரத்தில் துண்டு துண்டாக நின்றது. மேஸ்திரியைக் கேட்டேன்.

"மழைல வேலை இல்லேல்ல டீச்சர், எங்கிட்டோ போயிட்டாக. சொல்லிக்கிட்டா போவாக?"

அவர்கள் கொடுத்திருந்த போன் நம்பர் அணைந்திருந்தது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு யாரும் வரவில்லை. வேறு பள்ளியில் சேர்ந்திருந்தால் கம்ப்யூட்டரில் அரசுப் பதிவில் தெரிந்திருக்கும். தலைமையாசிரியை மாதாமாதம் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னிடம் இல்லையென்று தலையை ஆட்டுவார்.

அவள் போன பிறகுதான் படம் பரவியது. நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் குழாய்க்கு மேலே நின்றாள். கே.கே. நகரில் காய்ச்சலுக்குப் போன கிளினிக்கில், கை கழுவும் இடத்தில் நின்றாள். பிரிண்டிலிருந்து பிரிண்ட் எடுத்து, அதை மறுபடி போட்டோ எடுத்து எடுத்து, இடத்துக்கு ஒரு மாதிரி மாறிப்போயிருந்தாள். ஓரிடத்தில் மை தீர்ந்து முகம் பச்சையடித்திருந்தது. இன்னோரிடத்தில் யாரோ அவள் முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். கண்ணும் பல் விழுந்த இடமும் மட்டும் எல்லாவற்றிலும் அப்படியே இருந்தன. எங்கே போனாலும் முதலில் குழாய் இருக்கும் பக்கம் பார்க்காமலிருக்க என்னால் முடியாமல் போயிற்று.

எங்கள் பள்ளியில் அவளோடு படித்தவர்கள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அவள் யாரென்று தெரியாது. ஒருநாள் சத்துணவு நேரத்தில் இரண்டாம் வகுப்புக்காரி ஒருத்தி, சின்னவன் ஒருவனைக் குழாயடிக்கு இழுத்து வந்து, படத்தைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்தாள்.

"கையக் கழுவலேன்னா இந்தக்கா வந்து கூட்டிட்டுப் போயிரும். இது செத்துப்போன அக்கா."

"யாருடி சொன்னா? அது உசுரோட இருக்க பிள்ளை" என்று அதட்டினேன்.

"அப்ப எங்க டீச்சர் இருக்கு?"

நான் தட்டுகளை எடுத்து வைக்கச் சொன்னேன். அன்று முழுக்க, நான் எதை வைத்து அப்படி அடித்துச் சொன்னேன் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அறிமுகமில்லாத ஓர் ஆசிரியை, வாட்ஸ்ஆப் குரூப்பில் என் நம்பரைப் பிடித்துப் போன் செய்தார்.

"டீச்சர், உங்க போஸ்டர்ல இருக்க பிள்ள எங்க ஸ்கூல்ல சேந்திருக்கு. மூணாங்கிளாஸ். சூளைல வேலை பாக்குறவுக பிள்ளதான்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். செக்கானூரணி தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவள் இந்நேரம் ஏழாம் வகுப்பில் இருக்கவேண்டும். மூன்றாம் வகுப்பில் எப்படி இருப்பாள்? அப்படியும் இறங்கத் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதே நெற்றி, அதே கண். நான் கேட்காமலே கைகளை விரித்துக் காட்டிச் சிரித்தாள். பள்ளிக்கூடம் முழுக்க அவளை 'போஸ்டர் பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அந்த ஆசிரியை சொன்னார். தங்கச்சியாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

"உனக்கு அக்கா இருக்கா கண்ணு?"

"இருக்கு டீச்சர்."

"எங்க இருக்கு?"

"அந்தா." சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள்.

மதியம் அவள் அம்மா வந்தாள். நான் முன்னே பின்னே பார்த்திராத முகம். "அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல டீச்சர். எனக்கு இவதான் மூத்தவ. எல்லாரும் சொல்லப்போயி, எங்கக்கா எங்கக்கான்னு இதும் சொல்லிக்கிட்டுத் திரியுது" என்றாள்.

சூளை சூளையாகப் போகிறவளாயிற்றே என்று, படத்தில் இருந்தவளைப் பற்றி அவளிடமே கேட்டேன். இந்தப் பிள்ளையை, இவள் அப்பா அம்மாவை, எந்த ஊரிலாவது பார்த்த ஞாபகம் இருக்கிறதா? அவள் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"பாத்த மொகம்தான் டீச்சர். ஆனா பிள்ளையச் சேக்கப் போற ஸ்கூல்லெல்லாம் இந்தப் படம் ஒட்டியிருக்கு. படத்துல பாத்தேனா, நேர்ல பாத்தேனான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

கிளம்பும்போது அந்த ஆசிரியை என்னோடு கேட் வரை வந்தார். "இந்தப் படத்தக் கழட்டிரவா டீச்சர்?" என்று தயங்கிக் கேட்டார். உள்ளே அந்தச் சின்னவள் படத்துக்குக் கீழே நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன். பஸ் வரும் சத்தம் கேட்டது. "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.