ராசகுமாரியின் கழுத்தில் மூன்று முடிச்சு

பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவன்தான், ஆனாலும் இருட்டுக்குப் பயந்ததில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இது பட்டப்பகலில், நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டில், ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபத்தில், அவ்வளவு சனத்துக்கும் முன்னால் நடந்தது.

எங்கள் ஊர்ச்சங்க ஆண்டுவிழாவுக்கு ஒரு ராசா நாடகம். மந்திரிமார் பேசி முடித்த கல்யாணம், ராசகுமாரியைக் காதலித்த தளபதி பொறாமையில் செய்கிற சதி, இதுதான் கதை. ராசகுமாரி என் மனைவி வதனி. ராசா, கிளென் வேவர்லியில் வீடு வாங்கிய குகன், ஆறடி உயரம், நல்ல குரல். மேடையேறக் கூச்சப்படுகிற எனக்குத் திரை இழுக்கிற வேலை.

கல்யாணக் காட்சியில் குகன் வதனிக்கு மஞ்சள் கயிறு கட்டவேண்டும். அங்கேதான் எனக்கு நெஞ்சு எரிந்தது. எங்கள் கல்யாணம் இங்கே பதிவுக் கந்தோரில் கையெழுத்தோடு முடிந்தது. தாலிக்கொடி பிறகுதான் ஊரிலிருந்து வந்தது, அதை அவளே கண்ணாடியைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். இந்தக் கையால் நான் அவளுக்கு ஒரு முடிச்சுக்கூடப் போட்டதில்லை.

ஒத்திகையில் குகனிடம் மெதுவாகச் சொன்னேன். “தம்பி, முடிச்சுப் போடாதேயுங்கோ. சும்மா பிடிச்சாக் காணும்.”

“அண்ணை பயப்பிடுறார்! உங்கட மனிசியை நான் என்ன கொண்டே போகப்போறன்?”

எல்லோரும் சிரித்தார்கள். வதனியும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாடகத்தன்று மேளம் முழங்க, குகன் கயிற்றை அவள் கழுத்துக்குக் கொண்டுபோனான். நான் மேடையோரத்தில் திரைக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஓடிப்போய் அவனைத் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் சத்தியமாக அசையவில்லை.

திரை விழுந்ததும் குகன் வெளிறிப்போய் வந்தான். “அண்ணை, நான் கட்டேல்லை. ஆரோ என்ர கையிலயிருந்து கயித்தை வாங்கினமாதிரி இருந்தது.”

வதனியின் பிடரியைப் பார்த்தேன். மூன்று முடிச்சு. வலைக்கு ஈயம் கட்டும்போது நான் போடுகிற முடிச்சு. நான் இடதுகைக்காரன், என் சுற்று மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகப் போகும். அதே சுற்று.

“வெக்கம்கெட்ட மனுசன்!” என்றாள் வதனி, கண் கலங்கி. “மணவறைச் சீலைக்குப் பின்னால நிண்டு கட்டிப்போட்டு, ஒண்டும் தெரியாதமாதிரி நிக்கிறியள். இப்பவாவது கட்டினியளே.”

மணவறைக்குப் பின்னால் தொங்கிய அந்தச் சீலையைச் சுவரோடு ஆணியடித்தவன் நான். பின்னால் ஒரு கை நுழையக்கூட இடமில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. “ஓம்” என்றேன்.

அந்தக் கயிற்றை அவள் இன்னும் கழற்றவில்லை. குசினியில் சமைக்கக் குனிந்து நிற்கும்போது முடிச்சுத் தெரியும். சிலவேளை திரும்பிப் பார்த்துக் கேட்பாள், “அண்டைக்கு உங்கட கை ஏனப்பா அப்பிடிக் குளிர்ந்து, ஈரமாக் கிடந்தது? கடல் மணம் வேற.”

நான் கடலில் இறங்கிப் பத்து வருடத்துக்கு மேல். குகன்மேல் எனக்கு இப்போது ஒரு கோபமும் இல்லை. அந்த ஈரக்கை யாருடையதோ, அவன்மேல்தான் எரிச்சல்.